மாட்டு டாக்டரைக் கொன்ற மாப்பிள்ளை

தால்திகோர்கன்,
மார்ச், செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சம்பந்தி அப்திராயிம் அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்த ஒராஸ்பெக் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

முதலில் தங்கள் ஆடுகள் சுகமா? குதிரைகள் சுகமா? அதற்கடுத்தபடி தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமா? மஞ்சள் பெட்டைக் குதிரை குட்டி போட்டுவிட்டதா? குளிர்காலத் தீவனம் பங்குனி வெயில் வரைக்கும் தாக்குப் பிடித்ததா? இங்கே நானும் என் வீட்டுக்காரி குல்பாஷும் சுகம். சுகம் என்று எழுதுவது கடிதத்துக்குரிய மரியாதைக்காக மட்டும். உண்மையில் சனிக்கிழமை முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை, காது இரண்டும் சூடாகக் கிடக்கின்றன, குல்பாஷ் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் தங்கள் மூத்த மகன் மேதெத். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் வீட்டில் போன் வந்தால் அதைச் சத்தமாக வைத்துவிட்டு அடுப்படி முதல் தொழுவம் வரை எல்லாரும் கேட்பது வழக்கம். நான் சொல்லப்போவது நம் இருவருக்குள் இருக்கவேண்டியது. வால் கொழுப்பையும் ஈரலையும் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிச் சம்பந்தம் செய்துகொண்டவர்கள் நாம். இனி விலக முடியாது என்பதால்தான் திட்டி எழுதுகிறேன்.

சனிக்கிழமை நடந்ததைத் தாங்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுவதும் கேளுங்கள். என் முதல் நாவல் ‘நொண்டிக் குதிரையின் தடம்’ வந்து நாற்பது வருடம் ஆனதற்கு நூலகத்தில் விழா எடுத்தார்கள். தங்களுக்கும் அழைப்பு வந்தது, தாங்கள் மஞ்சள் பெட்டையைக் காரணம் காட்டி வரவில்லை. நல்லவேளை. குதிரை மேல் ஏறிக் கிடை கிடையாகப் போய்த் துப்பறிகிற கதையை நம் புல்வெளியில் முதலில் எழுதியவன் நான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, என் எதிரிக்கும் இல்லை. எனக்கு முன்னால் அப்படி ஒரு கதை இல்லை, எனக்குப் பின்னால் எழுதியவர்கள் எல்லாரும் என் குதிரையைத்தான் ஓட்டினார்கள். நூலகத் தலைவி மரியம் எழுந்து பேசினாள். சின்ன வயதில் என் வீட்டுக்குப் புத்தகம் கேட்டு வந்த பெண் அவள், நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். "இந்தப் பாதையப் போட்டவரு ஒராஸ்பெக் அண்ணன்தான். அத நாம மறக்கக் கூடாது. ஆனா அந்தப் பாதையில நல்லா நடக்கிறவரு யாருன்னு கேட்டா, எல்லாரும் ஒரே பேரத்தான் சொல்வீங்க, அவரோட மாப்பிள்ள மேதெத்" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அர்த்தம் மண்டைக்குள் போவதற்கு முன்னால் என் கைகளும் தட்டிவிட்டன. அதை நினைத்தால் இப்போதும் என் கைகளையே கடிக்கலாம் போலிருக்கிறது.

அதோடு விட்டார்களா? விருந்துக்குப் பெஷ்பர்மாக் கறித் தட்டு வந்தது. மேலே ஆட்டுத் தலை. சமையல்காரி தட்டை வைத்தாள். தலையின் மூக்கு யாரைப் பார்த்து இருந்தது தெரியுமா சம்பந்தி? என்னைப் பார்த்து இல்லை. என் விழா, என் புத்தகம், கதவுக்கு எதிரே உயர்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவன் நான், ஆடு என் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதில் எனக்கு நடந்த அவமானத்தை விடுங்கள். தங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். தகப்பன் உயிரோடு இருக்கிறவன் ஆட்டுத் தலையில் கத்தி வைக்கக் கூடாது என்பது ஊரில் தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்படியிருக்க அவன் முன்னால் தலையை வைத்தால் என்ன அர்த்தம்? தாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். தாங்கள் நூறு வயது இருக்கவேண்டும், அது வேறு விஷயம், ஆனால் தால்திகோர்கன் நூலகத்தைப் பொறுத்தவரை சனிக்கிழமை மதியத்தோடு தங்கள் கதை முடிந்தது.

அவன் என்ன செய்தான் என்கிறீர்களா? முகம் சிவந்து, தட்டைப் பிடித்து மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தான். "மாமா, நீங்க வெட்டுங்க. எனக்கு ஒரு காது குடுத்தா போதும்" என்றான். எல்லாரும் "ஆகா, என்ன மரியாதை, என்ன பணிவு" என்று அதற்கும் ஒருமுறை கைதட்டினார்கள். என் பக்கம் இருக்கவேண்டிய தலையை எனக்கு அவன் தானம் செய்கிறான், அதற்குப் பாராட்டும் அவனுக்கே. நான் கத்தியைத் தொடவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வாசலில் கழற்றிப்போட்டிருந்த இருபது முப்பது பூட்ஸுக்கு நடுவே கோபத்தில் எது என்னுடையது என்று பார்க்கவில்லை. பாதித் தெரு வந்த பிறகுதான் பூட்ஸுக்குள் கால் தனியாக நடப்பது தெரிந்தது. தங்கள் மகனுடைய பூட்ஸ். திரும்பிப் போய் மாற்றினால் கோபித்துக்கொண்டு போனவன் மரியாதை என்னாவது? அந்தப் படகுகளைப் போட்டுக்கொண்டு சேற்றில் சளக் சளக்கென்று வீடு வரை வந்தேன். தபாலாபீசு வரைக்கும் நடக்க முடியாமல் இந்தக் கடிதம் தாமதமாவதற்கும் அந்தப் பூட்ஸ்தான் காரணம். என்னுடையது அவன் காலில் ஏறாது, எங்கே கிடக்கிறதோ.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "முதல்ல எழுதினவரு வேற, நல்லா எழுதறவரு வேற" என்று ஒரு பேச்சை ஊர் முழுக்கக் கிளப்பிவிட்டிருக்கிறார்களே, அது நியாயமா? முதலில் எழுதுவது என்றால் என்ன என்று இவர்களுக்குத் தெரியுமா? நான் எழுதும்போது துப்பு என்று சொல்ல நம் பேச்சில் ஒரு வார்த்தை கிடையாது. வேட்டைக்காரர்கள் பனியில் நரித்தடத்துக்குச் சொல்லும் வார்த்தையை எடுத்துக் கழுவித் துடைத்து என் நாவலில் போட்டவன் நான். தங்கள் மகன் இன்று ஒரு பக்கத்தில் நாலு தடவை அந்த வார்த்தையைப் போடுகிறான், ஒரு தடவையாவது என்னிடம் கேட்டானா? அப்புறம் கொலை. நான் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோனபோது அன்றைய பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, நம்ம பண்ணைகள்ல கொலையெல்லாம் நடக்காது. குதிரை காணாமப் போகலாம். அதுவும் ஒண்ணுதான்." சரி என்று செத்தவனை எழுப்பி உட்காரவைத்துக் குதிரையைத் தொலைத்தேன். மறுபடியும் கூப்பிட்டார். "திருடன் யாருன்னு கடைசி வரைக்கும் மறைச்சா, அதுவரைக்கும் படிக்கிறவங்க நேர்மையான உழைப்பாளிங்க மேலெல்லாம் சந்தேகப்படுவாங்க. அது நல்லால்ல. ஒம்பதாம் பக்கத்துலயே சொல்லிடு." சொல்லிவிட்டேன். சொல்லிவிட்ட பிறகு மீதி இருநூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு நான் என்ன செய்வேன் சம்பந்தி? என் கதையில் துப்பறிகிற கேப்டன் ஸார்ஸென்பாய்க்குப் பசிக்க வைத்தேன். அவர் ஒவ்வொரு கிடையாகப் போகிறார், போகிற இடத்திலெல்லாம் ஆடு அடிக்கிறார்கள், விருந்தாளியிடம் வந்த காரியம் கேட்பது மரியாதையில்லை என்று யாரும் கேட்பதில்லை, விருந்து சாப்பிட்டவன் குற்றம் விசாரிப்பது மரியாதையில்லை என்று அவரும் விசாரிப்பதில்லை. தேநீர் மட்டும் நாற்பது பக்கம். ஆனாலும் படித்தார்கள். குதிரை மேல் உட்கார்ந்துகொண்டே மேய்ப்பவர்கள் படித்தார்கள். ஒரு குளிர்காலக் கிடையில் படித்து முடித்ததை அடுத்த கிடைக்குக் கொடுத்தனுப்பினார்கள். அட்டை போய், முதல் பக்கங்கள் போய், யார் எழுதியது என்றே தெரியாமல் என் புத்தகம் மலை வரைக்கும் போயிற்று. இந்தப் பாடெல்லாம் தங்கள் மகனுக்குத் தெரியுமா? அவனுக்கு ஒன்பதாம் பக்கத்தில் யாரும் குறுக்கே நிற்கவில்லை. போட்ட ரோட்டில் கார் ஓட்டுகிறவன், ரோடு போட்டவனைவிட வேகமாகத்தான் போவான், அதற்கு அவனுக்கு மாலையா?

அந்தத் தேநீரையும் அவன் விட்டுவைக்கவில்லை. துப்பறிகிறவன் வந்ததும் முதலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கவேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்பது என் கண்டுபிடிப்பு. மாவட்டப் பேப்பரில் வியாழக்கிழமைதோறும் வருகிறதே அவனுடைய தொடர்கதை ‘தடுப்பூசி நாள்’, அதில் எல்லாரும் தேநீர் குடிக்கிறார்கள். என் தேநீர். அதில் கொலையாவது யார் என்று தாங்கள் யோசித்தீர்களா? ஆட்டுக்குத் தடுப்பூசி போட வந்த மாட்டு டாக்டர். தாங்கள் முப்பது வருடம் என்ன வேலை பார்த்தீர்கள்? மாட்டு டாக்டர். நான் கோள்மூட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை, பேப்பரில் ஒருமுறை என்று பெற்ற தகப்பனை இரண்டு தடவை கொன்றவன் மேல் தாங்கள் கோபப்படாவிட்டால், அந்தக் கோபத்தையும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது. தங்களை ஒரேயடியாகக் கொன்றுவிட்டான், என்னை வாராவாரம் கொல்கிறான். அந்தக் கதையில் ஒரு கிழவன் வருகிறான், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், தாங்கள் பார்த்திருப்பீர்கள். மூலையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பான். கதையின் முதல் வாரமே "கொன்னது இவன்தான்" என்று ஒருவனைக் காட்டினான். தப்பு. அடுத்த வாரம் வேறொருவனைக் காட்டினான். அதுவும் தப்பு. ஊரே சிரிக்கிறது. முதலிலேயே குற்றவாளியைச் சொல்லிவிடுகிற கிழவன் யார் என்று நான் எவரிடமும் போய்க் கேட்கவேண்டியதில்லை. ஒன்பதாம் பக்கம் என்னுடையது. அதனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் பேப்பரை வாங்கி, சிவப்புப் பென்சிலை எடுத்துவைத்துக்கொண்டு தப்புகளை அடிக்கோடிடுகிறேன். தப்பு கண்டுபிடிக்கத்தான் படிக்கிறேன், வேறு எதற்கும் இல்லை. இதைக் குல்பாஷ் நம்பாவிட்டாலும் தாங்கள் நம்பவேண்டும்.

திங்கட்கிழமை இரத்தக்கொதிப்பு பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், காலில் இரண்டு ஜோடிக் காலுறை போட்டு அவனுடைய பூட்ஸோடு. நர்ஸ் என் கையில் பட்டையைக் கட்டினாள்.

"ஐயா, நீங்க மேதெத்தோட மாமனாருதானே?"

"நான் ஒராஸ்பெக். எழுத்தாளன்."

"அதான் கேக்கறேன். டாக்டரக் கொன்னது யாருன்னு வீட்டுல சொல்லியிருப்பாருல்ல?"

"எனக்குத் தெரியாதும்மா. நீ கொதிப்பப் பாரு."

"சும்மா சொல்லுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று பம்பை அமுக்கினாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் இன்னும் அமுக்கினாள். கை மரத்துப்போய் விரலெல்லாம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. வலி பொறுக்கமுடியாமல், "செத்தவனோட அண்ணன்தான், விடும்மா" என்றேன். நாற்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், அண்ணனாகத்தான் இருக்கவேண்டும், பங்காளிச் சண்டை, மேய்ச்சல் நிலம், எல்லாம் பொருந்துகிறது. அவள் பட்டையை அவிழ்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அத அந்தக் கெழவரு போன வாரமே சொல்லிட்டாருங்களே. அவரு சொன்னா அவன் இல்லேன்னு அர்த்தம்." வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். காய்ச்சலில் கிடந்த ஒருவன்கூடப் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி ஆட்டினான்.

சரி, வீட்டுக்கு வந்தால் வீட்டிலாவது ஆறுதல் உண்டா? குல்பாஷ் தன் தங்கைக்குப் போனில் ‘தடுப்பூசி நாள்’ வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். என் நாவலை நான் கையெழுத்தில் எழுதியபோது அதைச் சுத்தப் பிரதி எடுத்தவள் அவள்தான், அதையாவது நினைத்துப் பார்க்கவேண்டாமா? நான் கேட்டேன்: "குல்பாஷ், நீயே சொல்லு. இந்த மாதிரிக் கதைய மொதல்ல எழுதினது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப பெரிய எழுத்தாளன் யாரு?"

"மொதல்ல எழுதினா பெரிய எழுத்தாளரா? கல்யாணமாகி வந்த புதுசுல மொத மொதல்ல நான் சுட்ட பவுர்சாக் ஞாபகமிருக்கா உங்களுக்கு?"

"இல்ல."

"எப்பிடி இருக்கும்? மொதக் கடியிலயே நாய்க்குப் போட்டுட்டீங்க. நாயும் மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. இப்ப எங்கிட்டக் கத்துக்கிட்டு உங்க மக சுடறதத்தான் தட்டுத் தட்டாத் திங்கறீங்க. நான் கோவிச்சுக்கிட்டுத் தொப்பிய மாட்டிக்கிட்டா போனேன்?"

இலக்கியத்துக்கும் எண்ணெயில் பொரிக்கிற மாவு உருண்டைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அன்றைக்குச் சாயங்காலமும் நான் சாப்பிட்டாகவேண்டும். எனக்குப் பொங்கியதெல்லாம் ரௌஷான் மேல் பாய்ந்தது. என் பெண், தங்கள் மருமகள், அந்த நேரம் பார்த்துப் போன் செய்தாள்.

"அப்பா, அவரு தட்ட உங்க பக்கந்தானே திருப்பி வெச்சாரு? எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க?"

"எம் பக்கம் இருக்கவேண்டியத எவனும் திருப்பி வெக்கவேண்டியதில்ல."

"சரி, இப்ப அவரு என்னதான் செய்யணும்?"

"துப்பறியற கதை எழுதறத நிறுத்தணும். நிறுத்தற வரைக்கும் உங்க வீட்டு வாசல நான் மிதிக்க மாட்டேன். நீயும் வேணா பொட்டியக் கட்டிக்கிட்டு இங்க வந்துரு."

"நிறுத்திட்டு வேற என்ன எழுதுவாரு?"

"கவிதை எழுதட்டும். நம்ம ஊருல எல்லாரும் எழுதறாங்க, ஒருத்தரும் படிக்கிறதில்ல, ஒரு வம்பும் வர்றதில்ல."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள். இந்தப் பெண் பிறந்ததிலிருந்து என்னிடம் ஒரு வாதத்தையும் "சரிப்பா" என்று முடித்தது கிடையாது. அதனால் அவள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரியும், தங்களுக்கு எழுத வேண்டிவந்ததும் அதனால்தான்.

ஆகவே சம்பந்தி, என் கோரிக்கை ஒன்றே ஒன்று. தாங்கள் தகப்பன் என்ற முறையில், உயிரோடிருக்கும் தகப்பன் என்ற முறையில், மேதெத்தைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்: ‘தடுப்பூசி நாள்’ இத்தோடு நிற்கவேண்டும். குதிரை, கேப்டன், கிடை, தேநீர் எதையும் இனி அவன் பேனா தொடக்கூடாது. இந்த வகைக் கதை என்னோடு பிறந்தது, என்னோடு இருக்கட்டும். நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏழாவது நாவல், கேப்டன் ஸார்ஸென்பாய் ஒரு கூடாரத்துக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறார். போன இலையுதிர் காலத்திலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். எழுந்துவிடுவார். எனக்குக் கொஞ்சம் நிம்மதி வேண்டும், அவ்வளவுதான். தாங்கள் சொல்லியும் கேட்காவிட்டால் என் பெண்ணை நான் அழைத்துக்கொள்வேன். ஊட்டிய கொழுப்பும் ஈரலும் நம் வயிற்றிலிருந்து வெளியே வராது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கோபத்தில் இருக்கிறவன் எழுதவேண்டியதை எழுதத்தான் வேண்டும்.

தங்கள் வீட்டு விரிப்பில் ரொட்டி குறையாதிருக்கட்டும். மஞ்சள் பெட்டைக்குக் கால் நீண்ட குட்டி பிறக்கட்டும். ஓநாய் தங்கள் பட்டிப் பக்கம் வழி தவறட்டும். சம்பந்தியம்மாளின் முழங்கால் வலி கோடைக்குள் ஓடிப்போகட்டும். பெரியவர்களுக்கு என் சலாம், சிறுவர்களுக்கு என் முத்தம். மேதெத்துக்கு எதுவும் சொல்லவேண்டாம், அவன் பூட்ஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்பதைத் தவிர.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
ஒராஸ்பெக்

பின்குறிப்பு: வியாழக்கிழமை. மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடுப்பில் போடுங்கள். இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான், அதற்கு நேரமில்லை, பத்து மணி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையில் பேப்பர் வாங்கப் போனேன். சிவப்புப் பென்சில் சட்டைப் பையில் இருந்தது. மூன்றாம் பக்கத்தைத் திருப்பினால் ‘தடுப்பூசி நாள்’ இல்லை. அந்த இடத்தில் சர்க்கரை பீட்ரூட்டுக்கு எப்போது எரு வைக்கவேண்டும் என்று ஒரு கட்டுரை, படத்தோடு. பேப்பர் கடைக்காரியிடம் கேட்டேன். "கதைய நிறுத்திட்டாங்களாம். அந்தப் பையனோட மாமனாரு எழுதக் கூடாதுன்னுட்டாராம். என்ன மனுசனோ" என்றாள். யார் மாமனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ரௌஷானுக்குப் போன் செய்தேன். "நீங்கதானேப்பா சொன்னீங்க. மாமா மனசு சங்கடப்பட்டு எழுதற கதை எனக்கு வேண்டாம்னுட்டாரு. திங்கக்கிழமையே பேப்பர்காரங்ககிட்டச் சொல்லிட்டாரு" என்கிறாள். சம்பந்தி, எப்படிப்பட்ட மகனைப் பெற்றிருக்கிறீர்கள் நீங்கள்? சொன்னால் உடனே கேட்டுவிடுவதா? ஒரு எழுத்தாளனுக்குக் கொஞ்சமாவது திமிர் வேண்டாமா? நானாவது ஒன்பதாம் பக்கத்துக்காக அந்தப் பதிப்பாசிரியரிடம் ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் பணிந்தேன். அந்த ஆள் எனக்குச் செய்ததை நான் உங்கள் மகனுக்குச் செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

குல்பாஷ் தேநீர் ஊற்றி வைத்தாள். பார்த்தேன். கோப்பை விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. நம் வீட்டுப் பெண்கள் அரைக் கோப்பைக்கு மேல் ஊற்றமாட்டார்கள், மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தால், குடித்துவிட்டு எழுந்து நடையைக் கட்டு என்று அர்த்தம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, என் வீட்டிலிருந்தே என்னைப் போகச் சொல்கிறாள். அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு எழுந்து போன வாரப் பேப்பரைத் தேடி எடுத்தேன். போன வாரக் கதையில், கொலையை விசாரிக்கிற இளம் அதிகாரி செத்தவனுடைய மனைவியிடம் துக்கம் விசாரிக்கப் போகிறான். அவள் அழுதுகொண்டே தேநீர் ஊற்றித் தருகிறாள், விளிம்பு வரைக்கும். ஒரே ஒரு வரி. அவன் பட்டணத்துப் பையன், கவனிக்கவில்லை, குடிக்கிறான். அந்த வரிக்குக் கீழே நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: ‘இவ்வளவு நிரப்புவார்களா? நம் வழக்கமே தெரியாதவன்.’

நாற்பது பக்கம் தேநீர் எழுதியவன் நான். அதில் ஒரு கோப்பைக்குக்கூட வேலை வைக்கவில்லை. அவன் ஒரே கோப்பை ஊற்றினான், நான் அதைத் தப்பு என்று கோடு போட்டேன். முதலில் எழுதியவன் நான்தான், அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. நன்றாக எழுதுகிறவன் அவன். எழுதிவிட்டேன். இதைக் குல்பாஷிடம் காட்டவேண்டாம், மேதெத்திடம் காட்டுங்கள். நான் சொன்னால் மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் பணிவாக எதையாவது செய்து தொலைப்பான். தாங்கள் காதைத் திருகி உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள்.

ஏனென்றால் அந்த வரிக்கு அடுத்த வரியில், மூலையில் உட்கார்ந்திருந்த கிழவன் தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணையே பார்க்கிறான். கதை அங்கே நிற்கிறது. அவனும் அதைப் பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன். பார்த்தானா, இல்லை வழக்கம்போல அசட்டுத்தனமாக எதையாவது உளறப்போகிறானா என்று எனக்குத் தெரியாது, உங்கள் மகன் ஒருவனுக்குத்தான் தெரியும். மனைவியோ அண்ணனோ, கொன்றவர் யாராகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த வியாழக்கிழமைப் பேப்பரில் அந்தக் கிழவன் வாயைத் திறந்தாக வேண்டும்.